தண்ணிக்குச் சிவப்புச் சட்டை

உங்கள் ஆய்வுக்கூடத்துக் கதவில் ‘செயற்கை ரத்தம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். போன வாரம் வந்தபோது பார்த்தேன். காபி கொடுத்தீர்கள், பொன்னாடை போர்த்தினீர்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக எங்கள் மலரில் அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் அம்மா என்றீர்கள். பொன்னாடைக்கு நன்றி. முதல் வேலையாக அந்தக் காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போடுங்கள். ரத்தம் அல்லாத ஒன்றை ரத்தம் என்று நம்பவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

எப்படிக் காய்ச்சினோம், எப்படி வடிகட்டினோம் என்பதையெல்லாம் எழுத மாட்டேன். அது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, எனக்கு நினைவிருப்பதைவிடச் சரியாகவும் இருக்கிறது. கூடியிருக்கும் அத்தனை படித்தவர்களும் கையைப் பிசைந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்துக்குப் பாடப் புத்தகத்தில் அத்தியாயம் கிடையாது. உங்கள் உத்தியோகத்தில் அது நிச்சயம் வரும், அதனால் கொஞ்சம் கேட்டு வையுங்கள்.

அறுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மயிலாப்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில், பழைய மாட்டுக் கொட்டகையை வெள்ளையடித்து ‘ஆராய்ச்சிப் பிரிவு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் மாட்டு வாசனை திரும்பி வரும். அந்தக் கொட்டகையின் அதிபதி எங்கள் தலைவர். கச்சேரிக்குப் போகிறவர் மாதிரி பஞ்சகச்சமும் அங்கவஸ்திரமுமாக வருவார், உள்ளே வந்ததும் மேலே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி முழுவதும் அவரைப் ‘பாகு சார்’ என்றே சொல்லும். நானும் அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன், சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்.

பாகு என்ற பெயர் சும்மா வரவில்லை. சர்க்கரைக் கரைசலில் ஒரு வகைக் கிருமியை விட்டால் அது தின்று கொழுத்துக் கோழை மாதிரி ஒன்றை உண்டாக்கும். அதற்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர். அதைச் சுத்தம் செய்து, நரம்பு வழியாக ஏற்றுகிற பக்குவத்துக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. மேல்நாட்டில் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். நாம் வாங்கலாம் என்றால் விலை கேட்டாலே நமக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். அந்த நாளில் ரத்தம் கொடுக்க எவரும் வரமாட்டார்கள். சொந்த அண்ணன் தம்பியே ஊசியைக் கண்டால் வெற்றிலை பாக்கு வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு மாடவீதியில் மறைந்துவிடுவார்கள். ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று பட்டம் வாங்கியவர்களே நம்பினார்கள். விலைக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தால் நாமே அவர்களுக்கு ஒரு பாட்டில் ஏற்றி அனுப்ப வேண்டும் போலிருக்கும். இந்தப் பிச்சைக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று பாகு சாருக்கு வெறி. அவரை நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன், அந்த வெறியை மட்டும் செய்ததில்லை.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. சர்க்கரைக்கோ ரேஷன். நாங்கள் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை வாங்கிக் கொட்டகையில் புளிக்கவைத்தோம். வாசனை கபாலி கோயில் குளம்வரை போயிற்று. போலீஸ் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு நாள் ஏட்டு ஒருவர் வந்து நின்றார்.

“இன்னா சார் காச்சற உள்ள?”

“இது ரத்தத்துக்குப் பதிலா ஏத்தற பாகு,” என்றார் பாகு சார்.

ஏட்டு மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணிற்று. “சக்கரத் தண்ணி. கொயகொயன்னு கீது. இத்த குட்ச்சா ஏறுமா?”

“குடிச்சா ஏறாது. ஊசி போட்டாத்தான் ஏறும்.”

ஏட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். “பஞ்சகச்சம் கட்டிக்கினு பேசற பேச்சா சார் இது?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வழக்கும் வரவில்லை, ஏட்டும் வரவில்லை.

எழுபதுகள் பிறந்தபோது பாகு தயாராகிவிட்டது. ஜுரம் வராமல், அலர்ஜி இல்லாமல், தெளிந்த நீர் மாதிரி பாட்டிலில் நின்றது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் புதியவர்களுக்காக ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ரத்தம் கொட்டிப்போனால் குழாயில் அழுத்தம் குறைந்து இதயம் வெறுமனே துடிக்கும். பாகு போய் அந்தக் குழாயை நிரப்பும், இதயத்துக்கு வேலை கொடுக்கும். ஆனால் பிராணவாயுவைச் சுமக்கத் தெரியாது. பஸ் ஓடும், உள்ளே ஆள் இருக்க மாட்டார்கள். அதனால் பாகு ஏற்றிச் சம்பாதித்த நேரத்துக்குள் நிஜ ரத்தத்தைக் கொண்டுவந்தாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். எங்களுக்குத் தெரிந்திருந்தது, டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது. நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வதில்தான் வந்தது வினை.

தி. நகரில் நகைக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரை வயிற்றில் ரத்தக் கசிவோடு கொண்டுவந்தார்கள். பாகு ஏற்றினோம். அவருடைய மகன் பாட்டிலைப் பார்த்தான். தெற்கத்திக்காரர்கள், பேச்சில் ஒளிவு மறைவு இருக்காது.

“என்னங்க இது? ரத்தம் ஏத்தச் சொன்னா தண்ணிய ஏத்துதீங்க?”

“தண்ணி இல்லேப்பா, இது ஒரு விசேஷமான திரவம்.”

“வெள்ளையா இருக்கு, சொட்டுச் சொட்டா விழுது. தண்ணி இல்லாம பின்ன என்ன? எங்கப்பா தண்ணி தொடாத மனுசன்ங்க. அவுகளுக்குப் போயி தண்ணி ஏத்துதீங்களே!”

வார்டே சிரித்தது. பாகு சார் மட்டும் சிரிக்கவில்லை. மகன் டாக்சி பிடித்து அப்பாவை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான். நல்ல காலம், பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ‘மயிலாப்பூர் ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்குப் பதில் தண்ணி ஏத்துறான்’ என்ற பேச்சு பாண்டி பஜார் முழுக்கப் பரவிற்று. அதன் பிறகு வந்த ஒவ்வொரு குடும்பமும் அதே கேள்வி, அதே சண்டை. பாகு சாருக்கு அந்தச் சொல்லே விஷமாகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட ‘தீர்த்தம்’ என்று கேட்க ஆரம்பித்தார்.

நவராத்திரி வந்தது. அவர் வீட்டுக் கொலுவில் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றியிருந்தார்கள். அதற்குப் பின்னால் யாரோ வைத்த தண்ணீர் டம்ளர் ரத்தமாய்த் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை ஒரு கட்டுச் சிவப்புக் காகிதத்தோடு கொட்டகைக்குள் நுழைந்தார்.

“பாட்டில் மேல இதைச் சுத்திடுங்கோ. உள்ளே லேபிள் இருக்கு, டாக்டர்களுக்குத் தெரியும். ஆத்து மனுஷாளுக்கு மனசு ஆறும். யாருக்கு என்ன நஷ்டம்?”

“சார், யாராவது ‘இது ரத்தமா’ன்னு கேட்டா?” என்றேன்.

“பொய் சொல்ல வேண்டாம். பேசாம தலையை ஆட்டிடுங்கோ.”

நம் ஊர்த் தலையாட்டலின் அருமை உங்களுக்குத் தெரியும். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதை ஆஸ்பத்திரி விதியாகவே ஆக்கிவிட்டார் மனிதர். நர்சுகள் எல்லாரும் கண்ணாடி முன் நின்று பழகாத குறை.

என் அப்பா தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் இதை வீட்டில் சொன்னபோது, “சரக்கு நல்லாருந்தா பொட்டிக்கு எதுக்குட்டி ஜிகினா?” என்று கேட்டார். அதைப் பாகு சாரிடம் நான் அப்படியே சொன்னேன். ஜவுளிக்கடை வேறு, வைத்தியம் வேறு என்று என்னை உட்காரவைத்துவிட்டார்.

கோபம் வந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிவப்புக் காகிதம் வேலை செய்தது. சண்டை நின்றது. வீட்டார் பாட்டிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாகு சார் வார்டில் நடந்தால் கும்பிட்டார்கள். சில மாதங்கள் எல்லாம் பூமாலையாகப் போயிற்று. இப்படிப் போகும்போதுதான் நீங்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் காலையில் ஊரூர் குப்பத்திலிருந்து ஸ்டெல்லா என்ற பெண்ணை டாக்சியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வீட்டில் பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. கணவன் விசைப்படகில் நாலு நாள் கடலுக்குப் போயிருந்தான், அவனுக்குச் சேதியே தெரியாது. அம்மா ரோசம்மா மீன் விற்கிறவள், கைக்குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். கூட ஸ்டெல்லாவின் தம்பி அந்தோணி, அவனுடைய சிநேகிதர்கள் மூன்று பேர்.

விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் ஸ்டெல்லாவுக்கு அபூர்வமான வகை, பி நெகட்டிவ். பெரிய ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போன் செய்தோம். அந்த வகை ஒரு சொட்டு இல்லை. ரோசம்மாவையும் பையன்கள் நால்வரையும் குத்திப் பார்த்தோம். அந்தோணிக்கு மட்டும் அதே வகை. ஆள் பனைமரம் மாதிரி இருப்பான், ஊசியைப் பார்த்ததும் முகம் வாழைப்பூ மாதிரி தொங்கிவிட்டது. இருந்தாலும், ரத்தப்போக்கு நின்ற பிறகு கூப்பிடுகிறோம் என்று சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்தான். அக்காவாச்சே.

எங்கள் பிரசவ டாக்டரம்மா ஸ்டெல்லாவை உள்ளே கொண்டுபோனார். ரத்தப்போக்கை நிறுத்தும்வரை தாங்கட்டும் என்று பாகு ஏற்றினார்கள். பாட்டில் சிவப்புச் சட்டையோடு கம்பத்தில் ஏறிற்று. கதவு இடுக்கு வழியாக அந்தோணி அதைப் பார்த்தான். வெளியே வந்த நர்சை நிறுத்தினான்.

“சிஸ்டர், ரத்தம் ஏறிக்கினு கீதா?”

நர்ஸ் விதிப்படி தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான். அந்தோணிக்குப் போன உயிர் வந்தது. “கடவுள் கீறாரு,” என்று அம்மாவிடம் சொன்னான். மத்தியானம் கட்டுமரம் இறக்க வேண்டும், மற்ற மூன்று பேரும் அவனுக்காகத்தான் காத்திருந்தார்கள். நால்வரும் கிளம்பிப் போய்விட்டார்கள். ரோசம்மா மட்டும் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் நிம்மதியாகவே இருந்தாள்.

மதியம் டாக்டரம்மா வெளியே வந்தார். ரத்தப்போக்கை நிறுத்திவிட்டார். ஆனால் ஸ்டெல்லாவின் உதடு காகிதம் போல இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, நிஜ ரத்தம் உடனே வேண்டும் என்றார். பெஞ்சைப் பார்த்தார். காலி.

“எங்க அந்தப் பையன்? இங்கதானே உக்காந்திருந்தான்?”

நர்ஸ் அழ ஆரம்பித்தாள். “நான் ஒண்ணும் சொல்லல டாக்டர். தலையத்தான் ஆட்டினேன்.”

டாக்டரம்மா பாகு சாரைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. “உங்க கொலுக் காகிதத்தப் பாத்துட்டுப் போன பையன நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க,” என்றார். “சாயங்காலம் வரைக்கும் இவ தாங்குவான்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

இப்போது ரோசம்மாவிடம் சொல்ல வேண்டும். பாகு சார் என் பக்கம் திரும்பினார். நான் திரும்பவில்லை. அவரே சொன்னார். ரத்தம் இல்லை அம்மா, சர்க்கரையிலிருந்து செய்த திரவம், மேலே காகிதம், உங்கள் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்று திக்கித் திணறிச் சொன்னார்.

ரோசம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

“அடப் பாவி! அது தண்ணியா? தண்ணிய ஏத்திட்டு, காயிதத்த சுத்தி டபாய்ச்சிக்கினு இருந்தியா? எம் பொண்ணு உள்ள செத்துக்கினு கீறா, நீ பூச்சாண்டி காட்டறியா?” அதற்கு மேல் அவள் சொன்னதை இந்த மலரில் அச்சிட மாட்டீர்கள். எல்லாம் நியாயமான வார்த்தைகள். திட்டி முடித்ததும் குழந்தையை அந்த நர்சின் கையிலேயே கொடுத்தாள். “வண்டி எங்க? நான் இல்லாம நீ அவன கண்டுபுடிக்க மாட்ட.”

பாகு சாரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஆம்லெட் சாப்பிட்டவர்களைக்கூட அதில் ஏற்ற மாட்டார். ரோசம்மா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். காலையில் மீன் கூடையைத் தூக்கிய அதே புடவை. நான் பின்னால். மந்தைவெளி தாண்டி அடையாறு பாலத்தில் ஏறியபோது எதிரே ஒரு மாட்டு வண்டியும் பஸ்ஸும் முட்டிக்கொண்டு நின்றன. பாகு சார் ஹாரனை அடித்துக்கொண்டே தெருவில் தலையை நீட்டிக் கத்தினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை. ரோசம்மாவே திரும்பிப் பார்த்தாள்.

குப்பத்துக்குள் கார் போகாது. சந்துகளில் ரோசம்மா ஓட, வலையையும் கருவாட்டையும் மிதிக்காமல் நாங்கள் பின்னால் ஓடினோம். கரையில் கட்டுமரம் பாதி தண்ணீரில் இருந்தது. அந்தோணி இடுப்பளவு அலையில் அதைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“டேய் அந்தோணி! வாடா! அது ரத்தம் இல்லியாம்டா! தண்ணியாம்!”

அந்தோணி நின்றான். கட்டுமரத்தைப் பிடித்தபடியே எங்களைப் பார்த்தான். “காலீல ஆமான்னு தலைய ஆட்டுச்சே அந்த சிஸ்டரு?”

“அது சும்மா ஆட்டினதாம்!”

சிநேகிதர்களில் ஒருவன் சத்தமாகச் சொன்னான்: “போவாத மச்சி. தண்ணி ஏத்திட்டு ரத்தம்னு டபாய்ச்சவனுங்க. உன் ரத்தத்த எடுத்து இன்னொருத்தனுக்கு வித்துட்டு, உங்க அக்காவுக்கு மறுபடியும் தண்ணியத்தான் ஏத்துவானுங்க.”

அந்தோணியின் முகத்தில் பயமும் சந்தேகமும் ஒன்றாய் நின்றன. அவன் நினைத்ததில் தப்பே இல்லை. அன்று காலையிலிருந்து அவனிடம் உண்மை சொன்ன ஒருவர்கூட எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. இப்போது நாங்கள் சொல்வதை எந்தக் கணக்கில் நம்புவான்? அக்கா சாகிறாள் என்று கூவினாலும், அதுவும் எங்கள் வாயிலிருந்து வருகிற சொல்தானே.

பாகு சார் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலைக்குள் இறங்கினார். பஞ்சகச்சம் நனைந்து காலில் சுற்றிக்கொண்டது, ஒரு அலையில் விழுந்து எழுந்தார். அந்தோணிக்கு முன்னால் போய் நின்றார்.

“இன்னாத்துக்கு வந்த?” என்றான் அந்தோணி. “உன் தண்ணி அவ்ளோ நல்லதுன்னா என்னாண்ட இன்னாத்துக்கு வந்த?”

“அது போறாதுப்பா,” என்றார். “நான் பண்ணினது ரத்தம் இல்லே. ரத்தம் மாதிரியும் இல்லே. கொஞ்ச நாழி உசிரைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். அதுக்கு மேலே எனக்குத் தெரியலே. நீ வந்தா அவ பொழைப்பா. வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உன் ரத்தம் எடுக்கற எடத்துலேர்ந்து அவ கைக்குப் போற வரைக்கும் நீயே கூட நின்னு பாரு. காகிதம் கிடையாது.”

மூன்று வருஷம் அவரிடம் வேலை பார்த்திருந்தேன். பாகின் பெருமையைப் பற்றி அவர் பேசிக் காது புளித்திருந்தது. ‘போறாது’ என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவர் மேல் எனக்கு நிஜமான மரியாதை வந்ததும் அன்றுதான்.

அந்தோணி கட்டுமரத்தை விட்டான். “வா, வா, நைனா, அலைல நிக்காத,” என்று அவர் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தான். ஊசிக்குப் பயந்த பயம் முகத்தில் அப்படியே இருந்தது. இருந்தும் வந்தான்.

முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஸ்டெல்லாவின் ரத்தத்தையும் அந்தோணியின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் அல்லவா? வகை ஒன்றானாலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஏற்றக்கூடாது. கண்ணாடித் தகட்டில் கலந்தேன். கட்டிக் கட்டியாகச் சேர்ந்துகொண்டது. ஒத்துக்கொள்ளாத ரத்தம் அப்படித்தான் கட்டும். டாக்டரம்மா என் தோளுக்கு மேலாகப் பார்த்தார், முகம் வெளிறிவிட்டது. பாகு சார் சுவரில் சாய்ந்தார்.

“சேரலே,” என்றார். “ஏத்தினா அதுவே அவளைக் கொன்னுடும்.”

ஆனால் அந்தக் கட்டியை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. கொட்டகையில் முயலின் ரத்தத்தில் பாகைக் கலந்தபோது அணுக்கள் இதே மாதிரி காசு அடுக்கினாற்போல் ஒட்டிக்கொள்ளும். ஸ்டெல்லாவின் உடம்பில் காலையிலிருந்து ஓடுவது எங்கள் பாகு. இது ரத்தத்தின் பகையா, பாகின் குறும்பா?

“சார், இது நம்ம பாகு பண்ற வேலையா இருக்கும்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது சார். கழுவிப் பார்த்தாத் தெரியும்.”

டாக்டரம்மா வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொரு நிமிஷமும் ஸ்டெல்லாவின் கணக்கில் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிடவும் வாய் வரை வந்தது. அவசரத்தில் மனசு இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் ஓடும். இரண்டுமே சோம்பேறித்தனம். பார்க்க முடிந்ததைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அணுக்களை உப்புக் கரைசலில் அலசினேன், மறுபடி உப்புக் கரைசலிலேயே கலந்தேன், மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். காசு அடுக்கெல்லாம் குலைந்து, அணுக்கள் ஒன்றை ஒன்று தொடாமல் மிதந்தன. டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார்.

“ஏத்தலாம்,” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பயங்கரமான ஒரு சொல் அது.

அந்தோணி தன் ரத்தம் நிறைந்த பாட்டிலை வார்டு வரைக்கும் கூடவே நடந்துபோய்ப் பார்த்தான். அது அக்கா கையில் இறங்கத் தொடங்கியதும் வாசற்படியில் மயங்கி விழுந்தான். அவனை மூன்று பேர் தூக்க வேண்டியிருந்தது. ஸ்டெல்லாவின் உதட்டில் நிறம் திரும்பியதை டாக்டரம்மா கையைத் தட்டிக் காட்டினார். நான் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

சிவப்புக் காகிதம் அன்றோடு போயிற்று. சண்டைகள் திரும்பி வந்தன, ‘தண்ணி ஏத்துறான்’ என்ற பேச்சும் வந்தது. பாகு சார் ஒவ்வொரு குடும்பத்திடமும் போய் நின்று, ஆமாம், இது தண்ணி மாதிரிதான், இதை நம்பி யாரும் வீட்டுக்குப் போகாதீர்கள், ரத்தம் கொடுக்க ஆள் தேடுங்கள் என்று சொல்வார். திட்டு வாங்குவார். எவ்வளவு திட்டினாலும் அவர்கள் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் இன்று செய்கிற கரைசல் எங்கள் பாகைவிட நூறு மடங்கு கெட்டிக்காரச் சரக்கு, பிராணவாயுவையும் கொஞ்சம் சுமக்கிறது என்கிறீர்கள். நல்லது. எதைச் சுமக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

அன்றைய சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்டெல்லா கண் விழித்துக் குழந்தையைக் கேட்டுவிட்டாள். ரோசம்மா வராந்தாவுக்கு வந்தாள். பாகு சார் உப்பும் மணலும் காய்ந்த வேட்டியோடு அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அறை விழப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

“ஏன் டாக்டரே, அந்த சக்கரத் தண்ணிய காச்சினது நீதானே?”

“நான்தாம்மா.”

“அது எம் பொண்ண எம்மா நேரம் தாங்கிச்சி?”

“காலம்பரலேர்ந்து. உங்க பிள்ளை வர வரைக்கும்.”

ரோசம்மா பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் இன்னும் இருந்தது, ஆனால் குரல் இறங்கியிருந்தது.

“நல்ல தண்ணிதான்,” என்றாள். “அத்த தண்ணின்னு ஒரு வார்த்த சொல்லி இருந்தா, எம் புள்ள இந்த பெஞ்ச வுட்டு எயுந்தே இருக்க மாட்டானே.”